டயபாலிக்கோடு ஒரு வாரம்

ஜூன் 3
எஸ். ஜே. கின்கெய்டின் 'த டயபாலிக்' நாவலை இன்று தொடங்கினேன். 2016இல் வந்த, பதின்பருவத்தினருக்கான அறிவியல் புனைவு. கதையைச் சொல்பவள் நெமசிஸ். பார்த்தால் பெண்தான், ஆனால் கதை நடக்கும் விண்வெளிப் பேரரசு அவளை மனுஷியாகக் கணக்கில் வைப்பதில்லை. ஆய்வகத்தில் உருவாக்கி, ஒரு செனட்டரின் மகளுக்கு மெய்க்காவலாக விற்கப்பட்டவள். இப்படி உருவாக்கப்பட்டவர்களுக்குப் பெயர்தான் டயபாலிக். சிடோனியா என்ற அந்தப் பெண்ணுக்காக யாரை வேண்டுமானாலும் கொல்வாள். மற்றவர்கள் மேல் துளி இரக்கம் கிடையாது. இப்படிப்பட்டவளுக்குப் பயமே இருக்காது என்று ஊர் நினைக்கிறது. சின்ன வயதில் பயத்தைத் தவிர வேறெதுவும் தெரியாது என்று அவள் சொல்லித்தான் கதையே தொடங்குகிறது. நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

ஜூன் 4
காசு கொடுத்தால் காவலுக்கு ஆள் கிடைக்காதா, இதற்கு எதற்கு ஆய்வகம் என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். ரோமை நினைத்தால் விடை கிடைத்துவிடுகிறது. கி.பி. 41இல் கலிகுலாவை வெட்டியது கேசியஸ் கைரியா, பேரரசரின் சொந்தக் காவல்படை அதிகாரி. கலிகுலாவிடம் ஜெர்மானிய மெய்க்காவலர்களும் இருந்தார்கள். அவர்களோ தலைவன் செத்த ஆத்திரத்தில் அகப்பட்டவர்களையெல்லாம் வெட்டினார்கள். ஒரே நாளில் ஒரு காவலன் கொல்கிறான், இன்னொருவன் பைத்தியமாகிறான். நம் பக்கம் 1984 அக்டோபர் 31 போதும்: இந்திரா காந்தியைச் சுட்டது அவருடைய காவலர்கள்தான். ஆயுதத்தோடு பக்கத்திலேயே நிற்பவனை எதை வைத்து நம்புவது? கின்கெய்டின் பிரபுக்கள் நம்பிக்கை என்ற பேச்சுக்கே போகவில்லை. அன்பையே மூளைக்குள் வைத்து விற்கிறார்கள்.

ஜூன் 5
அன்பை மூளைக்குள் வைப்பது நிஜத்தில் நடக்குமா என்று தேடிப் படித்ததில் தூக்கம் போயிற்று. முட்டையிலிருந்து வந்த காட்டு வாத்துக் குஞ்சுகள் முதலில் பார்த்த ஆளையே தாயாக எண்ணிப் பின்தொடரும் என்று 1930களில் கொன்ராட் லோரன்ஸ் காட்டினார். 1973இல் அவருக்கு நோபல் கிடைத்தது. அதைவிட வோல் எலிகளின் கதைதான் நெமசிஸுக்கு நெருக்கம். வட அமெரிக்காவின் பிரெய்ரி வோல் ஒரே துணையோடு வாழும், அதன் உறவான மெடோ வோல் அப்படியல்ல. 2004இல் லாரி யங்கின் குழு மெடோ வோல் ஆண்களின் முன்மூளையில் ஒரே ஒரு மரபணுவைச் செலுத்தியது. வாசோபிரெசின் ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பி என்ற புரதத்தை உண்டாக்கும் மரபணு அது. ஊர் சுற்றிய எலிகள் பழகிய துணையோடே ஒட்டிக்கொண்டன!

சரி, ஒரு ஸ்விட்ச் போதும்போல என்று நினைத்தால், 2023இல் வேறு செய்தி. பிணைப்புக்கு அவசியம் என்று நினைத்திருந்த இன்னொரு ஹார்மோன் ஆக்ஸிடோசின். அதன் ஏற்பியே இல்லாமல் வளர்த்த பிரெய்ரி வோல்களும் ஜோடி சேர்ந்தன. பிணைப்பு ஒரே கம்பியில் தொங்கவில்லை. நாவலில் நெமசிஸுக்கு எல்லாம் ஒரு சிகிச்சையில் முடிந்துவிடுகிறது. கதைக்கு அது போதும்.

ஜூன் 7
கதை வேகமெடுத்துவிட்டது. பேரரசர் சிடோனியாவைப் பணயமாகத் தன் அவைக்கு அழைக்க, அவளைப் போல வேடமிட்டுப் போகிறாள் நெமசிஸ். அதற்காகத் தன் உடலின் தசையையே குறைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. காவலுக்கென்றே வளர்த்த உடம்பை, காவலுக்காகவே ஒடுக்குகிறார்கள். அந்தப் பகுதியை இரண்டு தடவை படித்தேன். அவையில் டைரஸ் என்று ஒரு வாரிசு, பித்தனாக நடித்து உயிரைக் காத்துக்கொள்கிறான். கலிகுலாவுக்குப் பின் அரியணை ஏறிய கிளாடியஸும், முட்டாளாக நடித்துத்தான் தப்பித்தேன் என்று பின்னால் சொல்லிக்கொண்டவர்தான். இன்னொரு பக்கம், அறிவியலை மதம் தடை செய்துவிட்டதால் பழுதான விண்கலங்களைச் சரிசெய்யத் தெரிந்தவர் யாருமில்லை. அதற்கு இன்னும் பத்துப் பக்கம் கொடுத்திருக்கலாம்.

ஜூன் 9
முடித்தாயிற்று. டைரஸ் மேல் ஈர்ப்பு வந்ததும்தான் நெமசிஸ் 'மனுஷி' ஆகிறாள் என்பதுபோல நாவல் நகர்கிறது. எனக்கு இது ஒப்பவில்லை. சிடோனியா மேல் வைத்தது வைக்கப்பட்ட அன்பு, அதனால் கணக்கில் வராதா? பெற்ற பிள்ளை மேல் வரும் பாசத்தையும் யாரும் யோசித்துத் தேர்ந்தெடுப்பதில்லையே. இவளுக்கு ஆன்மா இல்லை என்று ஊரே சொன்னபோது, தோழியாக நடத்தியவள் சிடோனியா. அந்த இருவர் வரும் பக்கங்களில் இருக்கும் உயிர், காதல் பக்கங்களில் பாதிகூட இல்லை.

கொலைகள் நிறைய, தங்கைக்கு இப்போது தர மாட்டேன். இரண்டாம் பாகம் 'த எம்பிரஸ்' 2017லேயே வந்துவிட்டது. டைரஸ் கதையைத் தொடர எனக்கு அவசரமில்லை.