வாய்தா நோட்டு

வக்கீல் ஆபீஸில் குமாஸ்தாவாகச் சேர்ந்த புதிதில் சீனியர் ஒரு நீள நோட்டைக் கையில் கொடுத்தார். வாய்தா தேதி, அன்றைக்கு என்ன நடந்தது, கட்சிக்காரருக்கு என்ன செலவு என்று எழுதிவைக்கச் சொன்னார். பதினேழு வருஷமாக எழுதுகிறேன். குடும்ப நல கோர்ட் கேஸ்களில் நடு கட்டத்தில் பெரும்பாலும் 'எதிர்தரப்பு வரவில்லை, தள்ளிவைப்பு' என்றுதான் இருக்கும். செலவுக் கட்டம் மட்டும் ஒருநாளும் காலியாக இருந்ததில்லை.

விவாகரத்துக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டு வருகிறவர்கள் கோர்ட் கட்டணத்தைத்தான் மனதில் வைத்துக் கேட்பார்கள். அது சொற்பம். ஒரே சண்டைக்கு விவாகரத்து மனு ஒன்று, ஜீவனாம்ச மனு ஒன்று, குழந்தைக்கு ஒன்று, 2005ஆம் வருஷக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் இன்னொன்று என்று நாலு கட்டு விழும்போதுதான் பணம் கரையும். சொத்து, வருமானத்தை உள்ளபடி பிரமாணப் பத்திரத்தில் எழுதச் சொல்லி 2020இல் உச்ச நீதிமன்றமே உத்தரவு போட்டிருக்கிறது. ஆனாலும் சம்பளத்தைக் குறைத்து எழுதுவார்கள். அப்புறம் பேங்க் கணக்கை வரவழைக்க எதிர்தரப்பு ஒரு மனு போடும், அதற்கு நாம் ஒரு பதில் மனு. ரெண்டுக்கும் ஃபீஸ் உண்டு.

பெங்களூரில் வேலை பார்த்த ஒரு தம்பியின் கேஸை மறக்க முடியாது. ராத்திரி பஸ் ஏறி வந்து, கட்டண கழிப்பறையில் முகம் கழுவிச் சட்டை மாற்றிக்கொண்டு, பத்தரைக்கு வராண்டாவில் நிற்பார். பெயர் கூப்பிட்டதும் உள்ளே போனால் ரெண்டு நிமிஷத்தில் வெளியே வந்துவிடுவார். பிரிந்துவிடலாம் என்பதில் ரெண்டு பேருக்கும் தகராறே இல்லை. சமரச மையத்தில் உட்கார வைத்ததும் நகை முதல் நாளே முடிந்தது. மாட்டிக்கொண்டது சீர்வரிசைப் பட்டியலில் இருபத்தாறாவது உருப்படி, ஒரு கிரைண்டர். பெண்ணின் அப்பா வாங்கிக் கொடுத்தது. மோட்டார் புகைந்தபோது நாங்கள்தான் மாற்றினோம் என்பது பையனுடைய அம்மாவின் வாதம். அதற்கே ஏழு வாய்தா போனது.

எட்டாவது வாய்தாவுக்கு முதல் நாள் நோட்டை அவர் முன்னால் விரித்து வைத்தேன். பஸ், லீவு, வக்கீல் ஃபீஸ், ஜெராக்ஸ் எல்லாம் கூட்டினால் முப்பத்தோராயிரம்.

"இந்தப் பணத்துக்கு எத்தனை கிரைண்டர் வரும் தம்பி?"

"எனக்கு அது வேண்டவே வேண்டாம்ணே. அம்மாதான்…"

வராண்டா மூலைக்குப் போய் அம்மாவுக்குப் போன் போட்டார். அரை மணி நேரம் ஆனது.

சீனியருக்கு என்மேல் கோபம் வந்தது அந்த நாளில் இல்லை, வேறொரு நாளில். வளையலை அடகு வைத்து வேறு எங்கேயோ ஃபீஸ் கட்டிவிட்டு ஒரு அக்கா எங்களிடம் வந்திருந்தார். 1987ஆம் வருஷச் சட்டப்படி பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவசமாக வக்கீல் கிடைக்கும். அது அவருக்குத் தெரியவில்லை, அதுவரை யாரும் சொல்லவும் இல்லை. அதே வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குக் கூட்டிப்போய் விட்டேன். "வந்த கட்சிக்காரரைத் திருப்பி அனுப்புற குமாஸ்தா ஊரிலேயே நீ ஒருத்தன்தான்யா" என்றார் சீனியர். அடுத்த மாதம் அவரே இன்னொருவரை அங்கே அனுப்பினார்.

தம்பி கேஸில் இரு தரப்பும் சேர்ந்து, இருவரும் சம்மதித்துப் பிரிவதற்கான இந்து திருமணச் சட்டம் 13பி பிரிவில் மனு போட்டோம். அந்தப் பிரிவில் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். பிரிந்து ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆகி, ஜீவனாம்சம், குழந்தை விஷயமெல்லாம் பேசி முடிந்திருந்தால் அந்தக் காத்திருப்பைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இவர்கள் பிரிந்து மூன்று வருஷம் ஆகியிருந்ததால் அதையும் கேட்டு வாங்கினோம்.

பொருளை ஒப்படைத்த அன்று குட்டியானை வண்டி ஒன்று கோர்ட் வாசலுக்கு வந்தது. கிரைண்டரைத் தூக்கி ஏற்ற ஆள் வேண்டுமே. பெண்ணின் அப்பா தம்பியைப் பார்த்தார், தம்பி சட்டைப் பையைத் தொட்டார். அந்தப் பக்கத்தில் நான் கடைசியாக எழுதிய வரி: ஏற்றுக் கூலி ரூ. 300, பாதிப் பாதி.