மர்ஃபி குடும்பப்பெயரும் அதன் வேரும்

அயர்லாந்தில் அதிகம் பேர் வைத்திருக்கும் குடும்பப்பெயர் மர்ஃபி. 1890-ம் ஆண்டின் பிறப்புப் பதிவுகளை வைத்து, அயர்லாந்தின் பிறப்பு-இறப்புப் பதிவுத் துறை அதிகாரி ராபர்ட் மேத்சன் போட்ட கணக்கில் சுமார் 62,600 மர்ஃபிகள். அடுத்து வந்த கெல்லி 55,900. இத்தனை பேரும் ஒரே வம்சம் இல்லை.

மூலம் 'முர்ஹத்' என்ற பழைய ஆண்பெயர்: கடலும் போரும் சேர்ந்த சொல், கடற்போர் வீரன் என்று பொருள். அந்தக் காலத்தில் பலரும் பிள்ளைகளுக்கு வைத்த பெயர் என்பதால், தொடர்பே இல்லாத முர்ஹத்களின் வழிவந்தவர்கள் தனித்தனியே அதைக் குடும்பப்பெயராக்கிக் கொண்டார்கள். பேரன் வழி என்றால் 'ஓ', மகன் வழி என்றால் 'மாக்'. தென்கிழக்கில் வெக்ஸ்ஃபோர்டு மாவட்டத்தில் 'ஓ', வடக்கே டைரோன் மாவட்டத்தில் 'மாக்'. ஆங்கிலத்தில் எழுதும்போது இரண்டு முன்னொட்டும் உதிர்ந்து, எல்லாமே மர்ஃபி ஆகிவிட்டது. ஓ'பிரையன்களுக்கு 'ஓ' நிலைத்தது. மர்ஃபிகளுக்கு அது திரும்பவே இல்லை. ஐரிஷில் எழுதும்போது ஆண் 'ஓ முர்ஹூ', மகள் 'நீ வுர்ஹூ' (இந்த 'நீ' நம்முடைய 'நீ' அல்ல), மனைவி 'ஈ வுர்ஹூ'.

1169-ல் நார்மன்களை அழைத்துவந்த லென்ஸ்டர் அரசன் டியர்மட் மாக் முரோதான் தங்கள் மூதாதை என்று பல மர்ஃபிகள் நினைக்கிறார்கள். அவன் பெயரிலுள்ள 'முரோ'வும் அதே முர்ஹத் என்பதுதான் காரணம். ஆனால் அவன் மகன் டோனல் கவனாவின் வழிவந்தவர்கள் இன்று கவனா என்ற பெயரில் இருக்கிறார்கள். நினைவுப்பொருள் கடையில் விற்கும் 'மர்ஃபி குலச்சின்னம்' அதைவிட மோசம். சின்னம் தனிமனிதருக்கும் அவர் வாரிசுகளுக்கும் வழங்கப்படுவது, பெயருக்கு அல்ல.

உங்கள் மர்ஃபி எந்தக் கிளை என்று அறிய, பெயரை வைத்துத் தேடிப் பயனில்லை, ஊரைப் பிடியுங்கள். 1901, 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகள் இணையத்தில் இலவசம். அதற்கு முந்தைய நூற்றாண்டின் கணக்கெடுப்புகளில் பெரும்பகுதி இல்லை: சிலவற்றை அரசே அழித்தது, மற்றவை 1922-ல் டப்ளினின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தில் இருந்த ஆவணக் காப்பகத் தீயில் போயின. ஆகவே அடுத்த படி 1847-64 கிரிஃபித் மதிப்பீடு, அதாவது வரி போடுவதற்காக நிலம், வீடுகளை மதிப்பிட்ட பட்டியல். அதில் நிலமோ வீடோ வைத்திருந்தவர் பெயர் மட்டும்தான். மனைவி, பிள்ளைகள் கிடையாது. ஒரே சிற்றூரில் இரண்டு ஜான் மர்ஃபி இருந்தால் அடைப்புக்குள் அப்பா பெயரைப் போட்டிருப்பார்கள், 'ஜான் (பேட்)' என்று. அதைக் கவனிக்காமல் தவறான ஜானைப் பிடித்துக்கொள்வது சர்வசாதாரணம். பிறகு கத்தோலிக்கப் பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேடு. அதில் ஞானப்பெற்றோர் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் உறவினர்களாக இருப்பார்கள். கார்க் போல மர்ஃபிகள் மலிந்த இடத்தில் ஒரு குடும்பத்தை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் இந்த ஞானப்பெற்றோரும், தாயின் பிறந்தவீட்டுப் பெயரும்தான்.