நாலு கல்தூண் தூரம்

ஜூலை 13, ஞாயிறு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது தேனி மாவட்டத்துக் கூடலூர். நீலகிரிக் கூடலூர் என்று நினைத்து ஊட்டிக் குளிரைப் பற்றி விசாரிக்காதீர்கள். எங்கள் தெருவில் நின்றால் எதிரே மலை, மலை ஏறினால் குமுளி, கேரளா. விடிகாலை ஐந்தரைக்கு ஜீப் ஹாரன் அடிக்கும். அம்மா தூக்குச்சட்டியோடு ஓடுவாள். ஏலத்தோட்ட வேலை.

நேற்று ராத்திரி சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "திங்கக்கிழமையிலருந்து அவளும் எங்க ஜீப்புலதான் வர்றா. பத்தாவதோட நின்னவ, எத்தன நாளைக்கு வீட்டுல இருப்பா?"

யார் என்று நான் கேட்கவில்லை. அம்மா அப்படி 'அவ' என்று சொல்வது ஒருத்தியைத்தான். இங்கே மு என்று எழுதுகிறேன். மு.வின் வலது கையில் மோதிர விரலும் சுண்டுவிரலும் மடங்காது. ஒன்பது வயதில் நான் செய்த வேலை அது.

ஜூலை 16, புதன்

அன்றைக்கு நடந்ததை எழுதிவிடுகிறேன். 2017 மே, பள்ளி லீவு. எங்கள் இருவர் அம்மாக்களும் ஒரே திராட்சைத் தோட்டத்தில் குலை வெட்டிக்கொண்டிருந்தார்கள். பன்னீர் திராட்சை. இப்போது அதற்குப் புவிசார் குறியீடெல்லாம் கிடைத்துவிட்டது, அப்போது எங்களுக்கு அது உதிர்ந்தால் பொறுக்கித் தின்கிற பழம், அவ்வளவுதான். பந்தலுக்குக் கீழே ஒரே நிழல். வரிசையாகக் கல்தூண், மேலே கம்பி.

பொறுக்கிய பழத்தைப் பங்கு பிரிப்பதில் சண்டை. மு சொன்னாள்: "ஒங்கப்பன் மலையில இன்னொரு வீடு வச்சிருக்கானாம்ல." ஊருக்கே தெரிந்த விஷயம்தான். என்னிடம் நேராகச் சொன்ன முதல் ஆள் அவள்.

குலை வெட்டுகிற கத்தரி தண்ணீர்க் குடத்தின் மேல் இருந்தது. சின்னது, மூக்கு நீளம், அப்போதுதான் சாணை பிடித்தது. எடுத்தேன். அவள் நின்ற இடத்துக்கும் குடத்துக்கும் நடுவே நாலு கல்தூண். நாலையும் தாண்டி நடந்து போனேன். ஓடவில்லை. அவள் கை நீட்டி முனையைப் பிடித்தாள், நான் இழுத்தேன்.

ரத்தம் பெரிதாக வரவில்லை. அதனால்தான் ஆஸ்பத்திரியில் மேல்தோலைத் தைத்து, மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். கட்டைப் பிரித்தபோதுதான் இரண்டு விரல் நீட்டியது நீட்டியபடி நின்றது.

ஜூலை 20, ஞாயிறு

உயிரியல் மிஸ்ஸிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன், ஏதோ சந்தேகம் மாதிரி. விரலை மடக்குகிற தசை விரலிலேயே இல்லையாம், முழங்கைக்குக் கீழே இருக்கிறதாம். அங்கிருந்து கயிறு மாதிரி தசைநார் உள்ளங்கை வழியாக விரல் நுனி வரை ஓடுகிறது. அறுந்தால் தசைப் பக்கத்து முனை மேலே ஏறிவிடும். சீக்கிரமே தேடிப் பிடித்துத் தைக்க வேண்டும், நாளாக ஆக ரொம்பக் கஷ்டம்.

இடது கையால் வலது முன்னங்கையைப் பிடித்துக்கொண்டு விரலை மடக்கிப் பார்த்தேன். தோலுக்கு அடியில் எலி ஓடுகிற மாதிரி அசைகிறது. அவளுக்கும் அங்கே அசையும். ஆனால் கயிறு விரலுக்கு வந்து சேராது.

இன்னொன்றும் எழுத வேண்டும், எழுத விருப்பமில்லை. ஆறாம் வகுப்பில் மு டீ குடிக்கும்போது இரண்டு விரல் விறைத்து நிற்பதைப் பார்த்து 'மகாராணி' என்று பெயர் வைத்தார்கள். வைத்தது நான் இல்லை. ஆனால் சிரித்தேன்.

ஜூலை 28, திங்கள்

பள்ளியில் ஒரு வக்கீலம்மா வந்து பேசினார். போக்சோ, குழந்தைத் திருமணம் என்று போய்க்கொண்டிருந்தது. நடுவில் ஒருத்தி "சின்னப் பிள்ளைங்க தப்புப் பண்ணினா ஜெயிலா?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. என் காது சூடாகிவிட்டது.

அவர் சொன்னது: ஏழு வயதுக்குள் என்றால் குற்றமே கிடையாது. ஏழிலிருந்து பன்னிரண்டுக்குள் என்றால், தான் செய்வது என்ன, அதனால் என்ன ஆகும் என்று புரிகிற அளவு முதிர்ச்சி இல்லையென்றால் குற்றமில்லை. பழைய தண்டனைச் சட்டத்தில் பிரிவு 82, 83. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் வந்த நியாய சன்ஹிதாவில் 20, 21.

எங்கள் விஷயம் போலீசுக்கே போகவில்லை. ஊரில் நாலு பேர் கூடிப் பேசி, அம்மா மகளிர் குழுவில் கடன் வாங்கி எட்டாயிரம் கொடுத்தாள். "சின்னப் பிள்ள, தெரியாமச் செஞ்சிருச்சு" என்று எல்லோரும் ஒரே வாயாகச் சொன்னார்கள். மு.வின் அம்மாவும் அதையேதான் சொன்னார்.

புரிகிற முதிர்ச்சி. நான் அந்த இடத்திலேயே நிற்கிறேன். குடத்துப் பக்கத்தில் விளக்குமாறும் கிடந்தது. கத்தரியைத்தான் எடுத்தேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. முல்லையாற்றில் நல்ல தண்ணீர். அம்மாச்சியோடு போய்க் குளித்துவிட்டு வந்தேன். மத்தியானம் அம்மாவிடம் மெதுவாக, "தெரியாமச் செய்யலம்மா, தெரிஞ்சுதான் செஞ்சேன்" என்றேன்.

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை. "ஒம்போது வயசுக்கு என்னத்தா தெரியும்? போ, போய்ப் படி."

கோபம் வந்தது. யாருமே அந்த வயசை எனக்குத் திருப்பித் தர மாட்டேன் என்கிறார்கள்.

ஆகஸ்ட் 9, சனி

இன்று லீவு. அம்மாவோடு ஜீப்பில் ஏறினேன். டீசல் வாடை, ஈரத் துணி, இருபது பேர். லோயர்கேம்பில் மின்நிலையத்துக்கு இறங்கும் ராட்சதக் குழாய்களைத் தாண்டி வளைவு வளைவாக ஏறுகிறது. மு எனக்கு நேர் எதிரே. வலது கையால் கம்பியைப் பிடித்திருந்தாள், மூன்று விரலால்.

தோட்டத்தில் மழை விட்டு விட்டுப் பெய்தது. ஏலச்செடி ஆளைவிட உயரம், ஆனால் காய் காய்ப்பது காலடியில். சரம் தரையோடு படர்ந்து கிடக்கும். குந்தியபடியே பழுத்ததை மட்டும் ஒவ்வொன்றாகக் கிள்ள வேண்டும், பிஞ்சு சிதறக் கூடாது. அம்மா கிள்ளக் கிள்ள ஐந்தாறு காய் உள்ளங்கையில் சேரும், சுண்டுவிரல் பக்கம் மூடியே இருக்கும், கை நிறைந்ததும் கூடையில் கொட்டுவாள். மு.வுக்கு அந்தப் பக்கம் மூடாது. இரண்டு காய்க்கு மேல் வைத்தால் ஒழுகிவிடும். அதனால் கிள்ளுவதும் போடுவதும், கிள்ளுவதும் போடுவதும்தான். மத்தியானம் எடை போட்டபோது அம்மாவுக்கு வந்ததில் பாதிகூட அவளுக்கு இல்லை. கங்காணி ஒன்றும் சொல்லவில்லை, எழுதிக்கொண்டார்.

சோறு தின்கிற நேரம் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் காலிலிருந்த அட்டைக்கு உப்பு வைத்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு நான் தெரியாமச் செய்யல" என்றேன். இத்தனை நாள் மனப்பாடம் செய்த மற்றதெல்லாம் மறந்துபோனது.

"தெரியும்" என்றாள். "நீ நடந்து வந்ததப் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன். ஓடியிருக்கலாம். நீ குத்த மாட்டேன்னு நெனச்சேன்."

அட்டை சுருண்டு விழுந்தது. காலைத் துடைத்துக்கொண்டாள். நான் அழுதேன். அவள் அழவில்லை, என்னைத் தேற்றவும் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து இடுப்பில் கட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக் காட்டி, "இந்த முடிச்சு நிக்க மாட்டேங்குது, கட்டி விடு" என்றாள். கட்டினேன். "இன்னும் இறுக்கி" என்றாள். இறுக்கினேன்.