ராயபுரத்துச் சூட்டில் மலிவு விலை ஒயின்: ஆறு சுற்றுக் குறிப்புகள்

வரம்பு: 750 மில்லி பாட்டில், 1,200 ரூபாய்க்குள், இந்தியாவில் தயாரானது, ராத்திரிச் சாப்பாட்டோடு வீட்டில் ஒரு கிளாஸ் குடிக்க ஏற்றது. ருசி பார்த்தவர்கள் மூன்று பேர். பாட்டில்கள் பதினான்கு. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை மாதம் ஒரு சுற்று. இடம் ராயபுரத்தில் நேர் மேலே மொட்டைமாடி உள்ள வீட்டுக் கூடம், ஏசி கிடையாது. இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. மலிவு ஒயினைப் பற்றி நம் ஊரில் சொல்லும் குறைகளில் பாதி சூடு செய்த வேலை. அதை விலக்கிவிட்டுத்தான் ஒயினுக்கு மார்க் போட முடியும்.

ஏப்ரல்: வெப்பமானி

'ரெட் ஒயினை ரூம் டெம்பரேச்சரில் குடிக்க வேண்டும்' என்ற பேச்சு குளிர்நாட்டு வீடுகளில் பிறந்தது. அங்கே ரூம் என்றால் 16 முதல் 18 டிகிரி. ஏப்ரலில் இந்தக் கூடம் இரவு 8 மணிக்கும் 32 டிகிரி. ஷிராஸ் ஒரு ரெட் ஒயின் வகை. ஒரே நாசிக் ஷிராஸ் பாட்டிலை நான்கு சூட்டில் ஊற்றிப் பார்த்தோம்.

32 டிகிரியில் கிளாஸை மூக்கருகே கொண்டுபோனதுமே ஸ்பிரிட் நெடி. பழ வாசனை அதன் பின்னால் ஒளிந்துகொள்கிறது. நாக்கில் ஜாம் போல இனிப்பு, தொண்டையில் எரிச்சல். 22ல் நெடி தணிந்தது, ஆனாலும் ஒயின் கனமாகவே இருந்தது. 16ல்தான் மிளகு வாசனையும் நாவற்பழமும் வெளியே வந்தன. 9ல் வாசனை அடங்கி, துவர்ப்பு மட்டும் துருத்திக்கொண்டு நின்றது, பச்சை வாழைக்காயைக் கடித்த வாய் போல. சூடு ஏறினால் ஆல்கஹால் அதிகம் ஆவியாகும். குளிர்ந்தால் புளிப்பும் துவர்ப்பும் முன்னே வரும். விஷயம் அவ்வளவுதான்.

31 டிகிரி பாட்டிலை 4 டிகிரி ஃபிரிட்ஜில் வைத்தால் 17க்கு வர ஒன்றரை மணி நேரத்துக்கு மேல், 9க்கு வர மூன்றரை மணி நேரம் ஆகிறது. பக்கெட்டில் ஐஸும் தண்ணீரும் பாதிப் பாதி போட்டு, பாட்டிலைக் கழுத்து வரை மூழ்கவிட்டால் ரெட்டுக்கு 10 நிமிடம், வைட்டுக்கு 20 நிமிடம் போதும். தண்ணீர் சேர்க்காமல் ஐஸை மட்டும் கொட்டினால் வேலைக்காகாது. கட்டிகளுக்கு இடையே காற்று நிற்கும், பாட்டிலைத் தொடும் பரப்பு குறைந்துவிடும். ஊற்றிய பிறகு கால் மணி நேரத்தில் கிளாஸில் நாலைந்து டிகிரி ஏறிவிடும். அதனால் ரெட்டை 14லும் வைட்டை 7லும் எடுத்து, ஒரு தடவைக்கு 75 மில்லிக்கு மேல் ஊற்றாமல் குடிப்பதுதான் நம் வீட்டுக்குச் சரி. சமையலறை டிஜிட்டல் வெப்பமானி ஒன்று கட்டாயம் வேண்டும். அது இல்லாமல் போட்ட மார்க்கை நாங்கள் கணக்கில் எடுக்கவில்லை.

மே: பரண்

ஒரே நாளில் வாங்கிய, ஒரே பேட்ச் எண் கொண்ட இரண்டு ஷிராஸ். ஒன்று ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டில், மற்றது பரணில். பரணில் பகலில் 37, 38 டிகிரி. இரண்டு வாரம் கழித்து முக்கோணச் சோதனை: மூன்று கிளாஸில் இரண்டில் ஒரே ஒயின், ஒன்றில் வேறு, வித்தியாசமானது எது என்று கண்டுபிடிக்க வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒரு தடவை சரியாக வரும். எனவே ஆளுக்கு இரண்டு தடவை, மொத்தம் ஆறு. ஆறில் நாலு சரியாவது தற்செயலாகவே பத்தில் ஒரு தடவை நடக்கும். அதனால் ஐந்தோ ஆறோ சரியாக வந்தால்தான் வித்தியாசம் உண்மை என்று வைத்துக்கொண்டோம்.

பரண் பாட்டிலில் ஆறுக்கு ஆறு. காய்ந்த திராட்சையைக் காய்ச்சிய வாசனை, ஓரத்தில் பழுப்பு, பழம் செத்துப்போன வாய். அதே முறையில் விலை குறைந்த ஒரு கேபர்னேயையும் (இதுவும் ரெட் வகைதான்) வரம்பின் உச்சியில் இருந்த இன்னொரு கேபர்னேயையும் வைத்தபோது ஆறில் மூன்றுதான் சரி. அந்த இரண்டு பாட்டிலுக்கும் இடையிலிருந்த விலை வித்தியாசம் எங்கள் நாக்குக்கு எட்டவில்லை. பரணின் இரண்டு வாரம் எட்டியது.

நிறம் கண்ணில் பட்டால் மூக்கு அதன் பேச்சைத்தான் கேட்கும். 2001ல் வெளியான போர்தோ ஆய்வில், சிவப்புச் சாயம் கலந்த வைட் ஒயினை 54 மாணவர்கள் ரெட் ஒயினுக்குரிய சொற்களால் வர்ணித்தார்கள். எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி மறைக்கப் பார்த்தோம். எஃகு வாசனை எதையும் சேர்க்கவில்லை, ஆனால் அகன்ற வாயில் ஒயினின் வாசனை நிற்காமல் போய்விடுகிறது. குறுகிய வாய் கண்ணாடிக் கிளாஸை வைத்துக்கொண்டு, டியூப்லைட்டை அணைத்து நீல ஜீரோ வாட் பல்பைப் போட்டதும் பிரச்சினை தீர்ந்தது. அந்த வெளிச்சத்தில் பரண் பாட்டிலின் பழுப்பும் தெரியாது.

ஜூன்: மூக்குக்கும் நாக்குக்கும் பாடம்

ஒயின் புத்தகங்களில் வரும் பழப் பெயர்களில் பலவற்றை நாம் சாப்பிட்டதே இல்லை. அவை தேவையும் இல்லை. துவர்ப்பை அறுசுவையில் ஒன்றாக எண்ணும் மொழி நம்முடையது. ரெட் ஒயினில் துவர்ப்பைத் தரும் டானின் நம் வாய்க்குப் புதிதல்ல, வாழைப்பூவும் பாக்கும் நாவற்பழமும் பழக்கிய சுவைதான்.

அளவுகோலுக்கு வீட்டுச் சாமானே போதும். இனிப்புக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் சர்க்கரை, சுமார் 4 கிராம். டிரை, அதாவது இனிப்பில்லாதது, என்று சொல்லும் ஒயினில் பொதுவாக இருக்கும் சர்க்கரை இந்த அளவுக்குள்தான். இன்னொரு லிட்டரில் நாலு டீஸ்பூன், அது இலேசான இனிப்பு ஒயின். புளிப்புக்கு 200 மில்லி தண்ணீரில் 20 மில்லி எலுமிச்சைச் சாறு. துவர்ப்புக்கு 150 மில்லி வெந்நீரில் டீ பேக்கை 1, 3, 8 நிமிடம் ஊறவைத்த மூன்று டம்ளர். 8 நிமிட டீ ஈறைப் பிடிக்கும் பிடிதான் கட்டையான கேபர்னேயின் பிடி.

வாசனைக்கு, ஐந்து மிளகைத் தட்டி மூடி வையுங்கள். ஷிராஸின் மிளகு வாசனை கற்பனையல்ல. மிளகில் உள்ள ரொட்டண்டோன் என்ற அதே பொருள்தான் ஷிராஸிலும் மணக்கிறது என்று 2008ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். சாவிஞோன் பிளாங்க் என்ற வைட் வகைக்குக் கொய்யாவும் நறுக்கிய குடைமிளகாயும். மஸ்கட் வகைக்குக் கம்பம் பன்னீர் திராட்சை நாலைத் தோலோடு நசுக்கினால் போதும். 2023ல் புவிசார் குறியீடு பெற்ற அந்தத் திராட்சை மஸ்கட் ஹாம்பர்க் என்ற வகை, அதன் ரோஜா மணத்துக்குக் காரணமான ஜெரானியால் ரோஜாவிலும் உண்டு.

ஊதுபத்தி, சாம்பிராணி, தலையில் மல்லிப்பூ, பாத்திரம் தேய்க்கும் எலுமிச்சை சோப்பு இவையெல்லாம் சோதனையைக் கெடுத்தன. குழாய்த் தண்ணீரின் குளோரின் கூடக் கிளாஸில் தங்கும். கடைசியாக ஒருமுறை கேன் தண்ணீரில் அலசிக் கவிழ்த்து வையுங்கள். காபி குடித்தால் ஒரு மணி நேரம் இடைவெளி. ஒரு அமர்வில் நாலு ஒயினுக்கு மேல் வேண்டாம். ஆளுக்கு 50 மில்லி ஊற்றி, சுவைத்துத் துப்ப ஒரு டம்ளர் வைத்துக்கொள்ளுங்கள். விழுங்கிக்கொண்டே போனால் மூன்றாவது கிளாஸுக்குப் போடும் மார்க் பொய்.

ஜூலை: திறந்த பாட்டில்

தனியாகவோ இரண்டு பேராகவோ குடிப்பவர்களுக்கு இதுதான் பெரிய தலைவலி. பாதி பாட்டிலை மூடி வெளியே வைத்தால் 24 மணி நேரத்தில் வைட் தட்டையாகிவிடுகிறது. 48 மணியில் நறுக்கிவைத்த ஆப்பிளின் வாசனை. அது ஆக்சிஜன் பட்டு ஆல்கஹால் அசிட்டால்டிஹைடாக மாறுவதன் அடையாளம். ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் தாங்கும்.

நன்றாகத் தாங்கியது 180 மில்லி கண்ணாடிக் குவார்ட்டர் பாட்டில்தான். ஒயினைத் திறந்தவுடனே, குடிக்கும் முன்பே, மூன்று குவார்ட்டரை விளிம்பு தளும்ப நிரப்பி மூடுங்கள். கழுத்து வரை நிரப்பினால் ஒன்று 190 மில்லிக்கு மேல் பிடிக்கும். மீதி அன்றைக்குக் குடிக்க. உள்ளே காற்றுக்கு இடமே இருக்கக் கூடாது. கழுத்தில் ஒரு அங்குலம் விட்டு நிரப்பியது நாலாம் நாளே தளர்ந்தது, தளும்ப நிரப்பியது ஏழாம் நாளும் முதல் நாள் ஒயினாகவே இருந்தது. ரெட் ஐந்து நாள்.

முதல் தடவை இது கெட்டது. மூன்று பாட்டிலிலும் பிராந்தி வாசனை. கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது, மூடியின் உள்ளே இருக்கும் மெல்லிய தகட்டில்தான் வாசனை ஒட்டியிருந்தது. சமையல் சோடா போட்ட வெந்நீரில் ஓரிரவு ஊறவைத்தும் முழுக்கப் போகவில்லை. அதே புரி உள்ள புது மூடி வாங்கிப் போட்டதும் சரியானது. பிளாஸ்டிக் குவார்ட்டர் வேண்டாம், வாசனையை உறிஞ்சும், காற்றையும் மெல்ல உள்ளே விடும்.

கெட்ட பாட்டிலையும் அடையாளம் காணத் தெரிய வேண்டும். மழையில் நனைந்து காய்ந்த அட்டைப்பெட்டி வாடை வந்தால் கார்க் கோளாறு. டிசிஏ என்ற பொருள் லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரியும். அதற்கு வைத்தியம் கிடையாது. பதினான்கில் ஒன்று அப்படிப் போனது. அழுகிய முட்டை வாடை என்றால் பதற வேண்டாம், டீ ஆற்றுவது போல இரண்டு டம்ளரில் நாலைந்து முறை மாற்றி ஊற்றினால் பெரும்பாலும் பறந்துவிடும். அடியில் கண்ணாடித் துகள் போல மின்னுவது டார்ட்ரேட் உப்பு, தீங்கில்லை.

ஆகஸ்ட்: காசிமேட்டு மீனும் பர்மா அத்தோவும்

மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14ல் முடிந்து மீன் வரத்து நிதானப்பட்ட பிறகே இந்தச் சுற்றை வைத்துக்கொண்டோம்.

வஞ்சிரம் வறுவலோடு ரெட்: வாயில் இரும்புத்துரு, பின்னால் கவிச்சி. 2009ல் வெளியான ஜப்பானிய ஆய்வு காரணத்தைச் சொல்கிறது. ஒயினில் இரும்பு லிட்டருக்கு 2 மில்லிகிராமைத் தாண்டினால், கடலுணவோடு சேரும்போது கவிச்சி கிளம்பும். எல்லா ரெட்டும் அப்படியல்ல, ஆனால் லேபிளில் இரும்பளவு போட்டிருக்காது. ஆகவே மீனுக்கு வைட்.

சங்கராக் குழம்பு வேறு கணக்கு. புளியின் முதன்மை அமிலமும் திராட்சையின் முதன்மை அமிலமும் ஒன்றே: டார்டாரிக். குழம்பு ஒயினைவிடப் புளிப்பாக இருந்தால் ஒயின் வெறும் தண்ணீராகிவிடுகிறது. மிளகாயும் சேர்கிறது. காரத்தை உணரும் அதே நரம்பு ஆல்கஹாலுக்கும் தூண்டப்படுவதால் 13.5 சதவீத ஒயின் எரிச்சலைக் கூட்டும். இங்கே தெளிவாக ஜெயித்தது இலேசான இனிப்புள்ள நாசிக் செனின் பிளாங்க் என்ற வைட் ஒயின், 8 டிகிரியில். சர்க்கரை காரத்தை அணைக்கிறது, புளிப்பு குழம்புக்கு ஈடுகொடுக்கிறது. 'இனிப்பு ஒயின் விவரம் தெரியாதவர்களுக்கு' என்று சொல்பவர்கள் இதை ஒருமுறை மீன் குழம்போடு வைத்துப் பார்க்க வேண்டும்.

பீச் ஸ்டேஷன் பக்கத்து அத்தோவுக்கு (பர்மிய நூடுல்ஸ்) சாவிஞோன் பிளாங்க். எலுமிச்சை, வெங்காயம், பூண்டெண்ணெய் எல்லாவற்றையும் அது தாங்கியது. மட்டன் பிரியாணிக்கு 15 டிகிரி ஷிராஸ், கொழுப்பும் உப்பும் துவர்ப்பைத் தணிக்கும். கோவா போர்ட் என்ற இனிப்பு ரெட் ஒயின் சாப்பாட்டுக்கு ஒத்துவரவில்லை. ஐஸ் போட்டுத் தனியே குடிக்கலாம்.

செப்டம்பர்: கடையும் மார்க்கும்

டாஸ்மாக் எலைட் கடையில் எடுக்கும்போது மூன்றைப் பாருங்கள். கார்க் மேலே எம்பியிருக்கிறதா, கழுத்து உறைக்குக் கீழே பிசுபிசுப்பா, பின் லேபிளில் அடைத்த மாதம் எது. சூட்டில் ஒயின் சில மில்லி விரிந்து கார்க்கைத் தள்ளும், ஆறும்போது காற்றை உள்ளே இழுக்கும். நாசிக்கில் அறுவடை ஜனவரி முதல் மார்ச் வரை. எனவே மே மாதம் அலமாரியில் நிற்கும் போன வருடத்து வைட், ஒரு சித்திரை வெயிலையாவது பார்த்திருக்கும். டிசம்பரில் அந்த வருடத்து அறுவடை ஆண்டும், ஜனவரியில் போன வருடத்து ஆண்டும் போட்ட பாட்டிலாக எடுப்பது நல்லது. அலமாரியின் மேல்தட்டை விட்டுக் கீழ்த்தட்டிலிருந்து எடுங்கள். திருகு மூடி இருந்தால் அதற்கே முன்னுரிமை.

மார்க்குக்கு, 1959ல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் உருவான 20 புள்ளி முறையை எடுத்து, நிறத்தை நீக்கிவிட்டோம். குறையின்மை 4, வாசனை 5, இனிப்பு புளிப்பு துவர்ப்பின் சமநிலை 6, விழுங்கிய பின் நிற்கும் நேரம் 2, சாப்பாட்டோடு சேர்வது 3. மீண்டும் வாங்க 14 வேண்டும்.

கெட்டுப்போன ஒன்றை விட்டால் பதின்மூன்று. 14ஐத் தொட்டவை ஐந்து: செனின் பிளாங்க் இரண்டு, சாவிஞோன் பிளாங்க் ஒன்று, ஷிராஸ் இரண்டு. கேபர்னேயில் எதுவும் 12ஐத் தாண்டவில்லை. இந்த விலையில் அதில் பச்சை மிளகாய் வாடையும் கட்டையான துவர்ப்பும்தான் மிஞ்சுகின்றன. இப்போது காய்கறித் தட்டில் ஒரே பேட்ச் செனின் இரண்டு பாட்டில் இருக்கிறது. ஒன்று டிசம்பருக்கு, மற்றது அடுத்த ஜூன் 15க்கு, புது வஞ்சிரத்தோடு.