புக்கிட் தீமாவில் கொடி பிடுங்கப் போனோம்

சிங்கப்பூரில் ஹியூம் எம்ஆர்டி (நகர ரயில்) நிலையத்தில் இறங்கி ரயில் மால் பக்கம் நடந்தால், அப்பர் புக்கிட் தீமா சாலைக்குக் குறுக்கே பழைய இரும்புப் பாலம் ஒன்று தெரியும். மேலே ஏறினால் ரயில் காரிடார், அதாவது பழைய ரயில் பாதை இப்போது பசுமை நடைபாதை. தெற்கே தஞ்சோங் பகாரிலிருந்து வடக்கே உட்லண்ட்ஸ் வரை 24 கிலோமீட்டர். காலையிலேயே சைக்கிள்காரர்கள், ஓடுபவர்கள், குழந்தை வண்டி தள்ளும் அப்பாக்கள் என்று பாதை களைகட்டியிருந்தது.

நாங்கள் போனது வேறு வேலையாக. தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதியோடு களைக்கொடி அகற்றும் தன்னார்வலர் குழு ஒன்றில் எங்கள் புளோக் அங்கிள் இருக்கிறார். "தம்பி, சும்மா நடந்து போட்டோ எடுத்தா போதுமா? கையில மண்ணு படட்டும், வாங்க" என்றார். சரி என்று கிளம்பிவிட்டேன்.

எதிரியின் பெயர் சான்சிபார் வள்ளி. ஆப்பிரிக்கப் பக்கத்துக் கொடி. அகன்ற இலைகளால் மரத்தை முழுக்க மூடி, வெயிலே படாமல் செய்துவிடும். கொடியை அறுத்தால் தீர்ந்தது என்று நினைத்தேன். அங்கிள் சிரித்தார். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் குட்டிக் கிழங்குகள் காய்க்கின்றன. சில சுண்டைக்காய் அளவு, சில எலுமிச்சை அளவு. கீழே விழும் கிழங்கு ஒவ்வொன்றும் ஒரு புதுக் கொடி. போதாததற்கு மண்ணுக்குள் பெரிய கிழங்கு வேறு. ஆகவே வேலையில் பாதி, குனிந்து சருகுக்குள் கிழங்கு பொறுக்குவதுதான். ஒரு ஆன்ட்டி பொறுக்கிக்கொண்டே, "இதக் கறி வைக்க முடிஞ்சிருந்தா எப்பவோ தீர்ந்திருக்கும்" என்றார். இது நஞ்சுள்ள கிழங்கு. குழந்தைகளோடு போகிறவர்கள் கவனியுங்கள்.

இந்தப் பாதை தானாகப் பிழைக்கவில்லை. மலேசிய ரயில்வேயின் வசமிருந்த இந்த நிலம் சிங்கப்பூருக்குத் திரும்பும் என்று 2010இல் முடிவானதும், அதைத் தொடர்ந்த பசுமைப் பாதையாகவே விட்டுவைக்கும்படி சிங்கப்பூர் இயற்கைச் சங்கம் அந்த ஆண்டு அக்டோபரிலேயே ஒரு திட்டத்தை முன்வைத்தது. கடைசி ரயில் போனது 2011 ஜூன் 30 இரவு; ஓட்டியவர் ஜொகூர் சுல்தான். அதாவது ரயில் ஓடிக்கொண்டிருந்தபோதே சிலர் இந்த மண்ணுக்காகப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். துண்டு துண்டாக விற்றிருந்தால் இன்று இங்கே ஏதோ ஒரு காண்டோவின் (தனியார் அடுக்குமாடி) நீச்சல் குளம் இருந்திருக்கும்.

நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. காமன்வெல்த் டிரைவில் இருக்கும் ஸ்ரீ முனீஸ்வரன் கோயில், 1930களில் குவீன்ஸ்வே பக்கம் தண்டவாளத்தோரத்தில் ரயில்வே தொழிலாளர்கள் வைத்து வழிபட்ட சின்னக் குடிலாகத்தான் தொடங்கியது. அங்கிளின் அப்பாவும் ரயில்வேக்காரர். அதை அவர் பெருமையாகச் சொல்வதில்லை. கிழங்கு பொறுக்குவதன் நடுவே போகிற போக்கில் சொன்னார்.

அப்புறம் தெற்கே நடந்தோம். ஹில்வியூ முதல் புக்கிட் தீமா ரயில் நிலையம் வரை உள்ள நடுப்பகுதி 2021இல் மீண்டும் திறக்கப்பட்டது. மழைநீர் உள்ளே இறங்கும் தளம், ஓரமெல்லாம் புல், சில இடங்களில் சேறு. சேற்றைப் பற்றிப் புகார் சொல்பவர்கள் உண்டு. என்னைக் கேட்டால் அப்படியே இருக்கட்டும். வழவழப்பான சிமென்ட் பாதைக்கு இந்த ஊரில் பஞ்சமா என்ன? அங்கிளோ இரவு நடைக்கு விளக்கு வேண்டும் என்கிற கட்சி. "வயசானவங்க விழுந்தா யாரு பாக்குறது?" என்றார். ஆந்தைக்கும் பூச்சிக்கும் இருட்டு வேண்டுமே என்றேன். ரயில் நிலையம் வரும்வரை இந்த வாக்குவாதம் ஓயவில்லை.

1932இல் கட்டிய சின்ன நிலையம் அது. ஒற்றைத் தண்டவாளத்தில் ரயில்கள் மோதாமலிருக்க, மேலே போக அனுமதியான டோக்கனை ஓட்டுநர்கள் மாற்றிக்கொண்ட இடம். புதுப்பித்து 2022இல் திறந்தார்கள். எதிரே கொஞ்சம் தண்டவாளத்தை விட்டுவைத்திருக்கிறார்கள்; படம் எடுக்க வரிசை நிற்கிறது.

போக நினைப்பவர்களுக்கு: திரும்பும்போது கிங் ஆல்பர்ட் பார்க் எம்ஆர்டி பக்கம். முழுக்கைச் சட்டை, கொசு மருந்து, அழுக்கானாலும் பரவாயில்லை என்கிற காலணி. நீங்களாகப் போய்ச் செடி எதையும் பிடுங்காதீர்கள், அனுமதியுள்ள குழுவோடு போங்கள். கையுறை குழுவே தரும், ஆனால் பெரிய கைக்காரர்கள் சொந்தமாகக் கொண்டுபோவது நல்லது.