அம்புக்குறிக்கு அசையாத மட்டை: ஜாவா ஸ்விங்கில் நான்கு இரவுகள்

ஜாவா மொழியில் சாளரம், பொத்தான் போன்றவற்றை உருவாக்க உதவும் ஸ்விங் நூலகத்தைக் கொண்டு, பந்தும் மட்டையும் உள்ள ஒரு சிறு விளையாட்டை எழுதினேன். சாளரம் திறப்பது, பந்தை வரைவது, சுவரில் பட்டுத் திரும்பச் செய்வது எல்லாம் ஒரே மாலையில் முடிந்துவிட்டன. அம்புக்குறி விசைகளால் மட்டையை நகர்த்துவது மட்டுமே மீதமிருந்தது. அதற்கு நான்கு இரவுகள் பிடித்தன. இத்தனை நாளும் ஒரு பிழைச்செய்திகூட வரவில்லை என்பதே என்னை அதிகம் வாட்டியது. பிழை என்று திரையில் சொல்லியிருந்தால் தேடுவதற்கு ஒரு சொல்லாவது கிடைத்திருக்கும்.

முதல் இரவு முழுவதும் வீணானதற்குக் காரணம், விசை அழுத்தங்களைக் கவனிக்கும் கீலிசனரின் (KeyListener) மூன்று செயற்கூறுகளில் கீடைப்டு (keyTyped) என்பதில் நான் நிரலை எழுதியதுதான். எழுத்தாகத் தட்டச்சாகும் விசைகளுக்கு மட்டுமே அது அழைக்கப்படும். அம்புக்குறிகளுக்கு வரவே வராது. அவற்றுக்கு, விசையை அழுத்தும்போது வரும் கீபிரஸ்டு, விடும்போது வரும் கீரிலீஸ்டு ஆகிய இரண்டுதான் உதவும். மட்டையைத் தொடுவதற்கு முன்பே, வரும் விசையின் எண்ணை, நிரலின் எழுத்து வெளியீடு தோன்றும் கன்சோலில் அச்சிட்டுப் பாருங்கள். இடதுக்கு 37, வலதுக்கு 39 வரவேண்டும்.

கீபிரஸ்டுக்கு மாற்றிய பிறகும் கன்சோல் வெறுமையாகவே இருந்தது. விசை நிகழ்வு, ஃபோகஸ், அதாவது விசைப்பலகையின் கவனம், பெற்றிருக்கும் திரைக்கூறுக்கு மட்டுமே போகும். ஆட்டத்தை வரையும் பலகையான வெறும் ஜேபேனலுக்கு அந்த ஃபோகஸ் தானாகக் கிடைப்பதில்லை. ரெக்வெஸ்ட்ஃபோகஸ்இன்விண்டோ என்று கேட்டுப் பெறவேண்டும் எனப் படித்து, அதைப் பேனல் உருவாகும்போதே ஓடும் கன்ஸ்ட்ரக்டருக்குள்ளேயே எழுதி, மறுபடியும் ஏமாந்தேன். சாளரம் திரையில் தோன்றுவதற்கு முன் கேட்டால் அந்த வேண்டுகோள் பலனின்றிப் போய்விடும். சாளரத்தைக் காட்டும் செட்விசிபிள் வரிக்குக் கீழே அதை நகர்த்தியதும் மட்டை அசைந்தது. அப்போது இரவு இரண்டு மணி, எழுந்து நின்றேவிட்டேன்.

மறுநாள் "தொடங்கு" என்று ஒரு பொத்தான் சேர்த்தேன். அதைச் சொடுக்கியவுடன் ஃபோகஸ் பொத்தானுக்குப் போய்விட, மட்டை மீண்டும் உறைந்தது. பந்தை ஏவுவதற்காக வைத்திருந்த இடைவெளி விசையோ பொத்தானையே அழுத்தி ஆட்டத்தை முதலிலிருந்து தொடங்கியது. பொத்தான் ஃபோகஸைப் பெறாதபடி அதற்குச் செட்ஃபோகசபிள் ஃபால்ஸ் (இல்லை) கொடுத்தேன். அதோடு கீலிசனரையும் கைவிட்டு, இன்புட்மேப், ஆக்‌ஷன்மேப் என்ற, விசையைச் செயலோடு இணைக்கும் இரு பட்டியல்கள் வழியாக விசைகளைப் பிணைத்தேன். சாளரம் முழுவதற்குமான பிணைப்பைத் தேர்ந்தெடுத்தால் ஃபோகஸ் பேனலில் இல்லாதபோதும் விசை வந்து சேரும். ஆனால் உரைப்பெட்டியில் ஃபோகஸ் இருந்தால், அம்புக்குறிகளை அதுவே எடுத்துக்கொள்ளும்.

அடுத்த தொல்லை, விசையை அழுத்திப் பிடித்தால் மட்டை ஒரு அடி நகர்ந்து, சற்றே நின்று, பிறகு விட்டுவிட்டு ஓடியது. இது இயங்குதளத்தின் தானியங்கு மறுஅழுத்தம். எழுதுவதற்கு நல்லது, விளையாட்டுக்கு ஆகாது. ஆகவே விசை நிகழ்வுக்குள் மட்டையை நகர்த்தாமல், "இடது அழுத்தப்பட்டிருக்கிறது" என்று ஆம் அல்லது இல்லை என்பதை மட்டும் ஏற்கும் ஒரு பூலியன் மாறியில் மட்டும் குறித்துவைத்து, 16 மில்லிநொடிக்கு ஒருமுறை ஓடும் ஸ்விங் டைமரில் அதைப் பார்த்து நகர்த்தினேன். மட்டை வழுக்கிச் செல்லத் தொடங்கியது.

கடைசி இரவில், கையை எடுத்த பிறகும் மட்டை தானாகச் சுவர்வரை ஓடியது. இடது விசையை விடும் நேரத்தில் ஷிஃப்ட் அழுந்தியிருந்தால், அது "ஷிஃப்டுடன் விடப்பட்ட இடது" என்ற வேறு விசையாகக் கணக்காகும். என் பிணைப்பில் அது இல்லை. அதையும் தனியே பிணைத்தேன். விசையைப் பிடித்தபடி வேறு சாளரத்துக்குத் தாவினாலும் இதே கதிதான், ஏனெனில் விசை விடப்பட்ட செய்தி நம் நிரலுக்கு வருவதே இல்லை. சாளரம் ஃபோகஸை இழக்கும்போது எல்லா மாறிகளையும் ஃபால்ஸ் ஆக்கும் இரண்டு வரிகளைச் சேர்த்தேன். அதன் பிறகு மட்டை ஒருமுறைகூடத் தானாக ஓடவில்லை.