ஒரு கேசட்டில் கிடைத்த ஆஸ்திரேலியா

2011 ஜூலையில் மெல்பர்னில் வந்து இறங்கினேன். நடுக் குளிர்காலம். டாண்டெனாங் பக்கம் ஒரு கிடங்கில் இரவு ஷிப்ட் வேலை கிடைத்தது. சாயங்காலம் உள்ளே போனால் பின்னிரவில்தான் வெளியே வருவேன். முதல் சில மாதங்கள் இந்த நாட்டை நான் பார்த்ததெல்லாம் இருட்டில்தான். தெருவிளக்குகள், நனைந்த நெடுஞ்சாலை, காரின் முன்கண்ணாடியில் உறைந்து கிடக்கும் பனி. அதைச் சுரண்டிவிட்டுத்தான் வண்டியைக் கிளப்ப முடியும். ஊரிலிருந்து யாராவது “ஆஸ்திரேலியா எப்படி இருக்கு?” என்று கேட்டால், குளிருது என்பதைத் தவிர எனக்குச் சொல்ல எதுவும் இருக்காது.

வண்டி மூன்று கை மாறிய ஒரு டொயோட்டா கேம்ரி. அதில் கேசட் பிளேயர் இருந்தது, வேலையும் செய்தது. அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போது தெரியாது.

கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் பெரியவர் ஒருவர் இருந்தார். அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு ஒரு வருஷம் பிடித்தது. அப்பா வயசுக்காரரை எப்படிப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது? ‘சார்’ என்றால் அவர் திரும்பியே பார்க்க மாட்டார். வேலை நடுவே விடும் இடைவேளைக்கு இங்கே ‘ஸ்மோகோ’ என்று பெயர். ஒரு ஸ்மோகோவில், “வண்டியில் என்ன பாட்டு கேட்பாய்?” என்றார். இளையராஜா, அப்புறம் ரேடியோவில் வருவது, என்றேன். இளையராஜா யார், என்ன வாத்தியங்கள், எத்தனை படம் என்று வெகுநேரம் விசாரித்தார். ரேடியோவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் ஒரு கேசட்டைக் கொண்டுவந்து என் லாக்கர் மேல் வைத்தார். உறையில் பென்சிலால் பன்னிரண்டு பாட்டுப் பெயர்கள். எல்லாமே ஆஸ்திரேலிய ராக். ஒன்றுகூட நான் கேள்விப்பட்டதில்லை. என் வயதுப் பையன்களிடம் காட்டினேன். இங்கேயே பிறந்தவர்கள். அவர்களுக்கும் இரண்டு மூன்றுதான் தெரிந்தது.

சூப்பர்மார்க்கெட்டில் ஓடும் பாட்டுகளை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அவற்றை எந்த ஊரில் வைத்துக் கேட்டாலும் ஒன்றுதான். இந்தப் பன்னிரண்டும் அப்படியில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி இருந்தது.

பாடகர் பால் கெல்லியின் ‘லீப்ஸ் அண்ட் பவுண்ட்ஸ்’ பாட்டுக்கு நிஜமாகவே முகவரி உண்டு. 1986இல் வந்த ‘காசிப்’ ஆல்பத்தில் இருக்கிறது. ரிச்மண்ட் பக்கம், யாரா ஆற்றை ஒட்டி, பார்லி மால்ட் சேமித்த உயரமான சிலோக்கள் உண்டு. அவற்றின் உச்சியில் ‘நைலெக்ஸ்’ என்று எழுதிய பெரிய கடிகாரம், நேரத்தோடு வெப்பநிலையும் காட்டிக்கொண்டிருந்தது. பாட்டில் அது பதினோரு டிகிரி காட்டுகிறது. பாடுகிறவர் ஒரு மேட்டில் நின்று எதிரே எம்.சி.ஜி. கிரிக்கெட் மைதானத்தைப் பார்க்கிறார். ஒரு லீவு நாளில் கேசட்டைப் போட்டுக்கொண்டு அந்த மேட்டுக்கே போய் நின்றேன். நான் போனபோது கடிகாரம் எரியவில்லை. இருந்தாலும் மெல்பர்னில் நான் வரைபடம் பார்க்காமல் கண்டுபிடித்த முதல் இடம் அதுதான்.

திங்கட்கிழமை பெரியவரிடம் சொன்னேன். மகிழ்ச்சியோடு கேட்டுவிட்டு, “அவர் இந்த ஊர்க்காரர் இல்லை, தெரியுமா?” என்றார். பால் கெல்லி அடிலெய்டில் பிறந்தவர், எழுபதுகளில் மெல்பர்னுக்கு வந்து குடியேறியவர். எனக்கு அது மனதில் தங்கிவிட்டது. வெளியூரிலிருந்து வந்தவர்தான் அந்தக் கடிகாரத்தை அண்ணாந்து பார்த்து டிகிரியைக் குறித்துக்கொண்டிருக்கிறார்.

கேசட்டின் மூன்றாவது பாட்டு ‘கேட்டில் அண்ட் கேன்’. மாடும் கரும்பும். பிரிஸ்பேனில் உருவான ‘தி கோ-பிட்வீன்ஸ்’ குழு 1983இல் வெளியிட்டது. முதல் தடவை கேட்டபோது ஏதோ தடுக்கியது. தாளம் காலை வாரியது. பத்துத் தடவையாவது கேட்டிருப்பேன், பிடிபடவில்லை. ஒரு நாள் விடியற்காலை கிடங்கின் கார் நிறுத்தத்திலேயே உட்கார்ந்து, ஸ்டியரிங்கில் விரலால் தட்டி எண்ணத் தொடங்கினேன். தகதகிட, தக, தகதிமி. ஐந்து, இரண்டு, நான்கு. பதினொன்று! மறுபடியும் அதே பதினொன்று. லிண்டி மாரிசன் டிரம்ஸில் அதை எந்தச் சிரமமும் காட்டாமல் வாசித்துக்கொண்டு போகிறார். சின்ன வயதில் மிருதங்க வகுப்புக்கு இரண்டு வருஷம் போனது இந்த நாட்டில் ஒரு கார் நிறுத்தத்தில் உதவும் என்று யார் நினைத்தார்கள்? ஹீட்டர் போட மறந்து, விரல் விறைத்துப்போகும்வரை தட்டிக்கொண்டிருந்தேன்.

தாளம் பிடிபட்ட பிறகுதான் வார்த்தைகள் காதில் விழுந்தன. கரும்புக் காட்டு வழியே வீட்டுக்கு வரும் பள்ளிக்கூடப் பையன். தகரமும் மரமுமாக ஒரு வீடு. அப்பாவின் கைக்கடிகாரம். எழுதிப் பாடியவர் கிராண்ட் மெக்லென்னன், சிறு வயதிலேயே அப்பாவை இழந்தவர். வட குயின்ஸ்லாந்தின் வெயிலும் புழுதியும் நிறைந்த இந்தப் பாட்டை அவர் எழுதியது லண்டனில், நிக் கேவ் என்ற பாடகரின் கிடாரைக் கையில் வைத்துக்கொண்டு. அம்மாவைச் சந்தோஷப்படுத்த எழுதினேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். அம்மா இருந்த மாட்டுப் பண்ணையில் சரியான மின்வசதி இல்லாததால் ரிக்கார்டைப் போட்டுக் கேட்க முடியாது. அதனால் தொலைபேசியில்தான் அம்மாவுக்குப் பாடிக் காட்ட வேண்டியிருந்ததாம்.

இதைப் படித்த அன்று நானும் போன் போட்டேன். எங்கள் வீடு தூத்துக்குடியில். ஸ்பீக்கர் பக்கத்தில் போனைப் பிடித்துக்கொண்டு முழுப் பாட்டையும் ஓடவிட்டேன். அம்மா குறுக்கே எதுவும் பேசவில்லை. முடிந்ததும், “யாருய்யா இது? ஊரை நெனச்சுப் பாடுறானோ?” என்றார். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது.

மெக்லென்னன் 2006இல் காலமானார். 2010இல் பிரிஸ்பேன் ஆற்றின் மேல் திறந்த ஒரு பாலத்துக்கு ‘கோ பிட்வீன் பாலம்’ என்று பெயர் வைத்தார்கள். விற்பனைப் பட்டியலில் பெரிதாக எதையும் பிடிக்காத குழுவின் பெயரை அந்த ஊர் பாலமாகக் கட்டி வைத்திருக்கிறது. பெரிய மனசு அது.

இரண்டாம் பக்கத்தின் முதல் பாட்டு எந்த மொழி என்றே புரியவில்லை. ‘ஜெய்லன்குரு பகர்னு’ என்று பெரியவர் எழுதிக் கொடுத்ததை எழுத்துக் கூட்டிப் படித்தேன். லுரிட்ஜா மொழி. கொஞ்சம் பேர் மட்டுமே பேசும் பழங்குடி மொழி. ‘சிறையிலிருந்து வெளியே’ என்று அர்த்தம். ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு மேற்கே இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால், பாலைவனத்தில் பப்புன்யா என்றொரு சிற்றூர். அங்கே உருவான வரும்பி பேண்ட் 1983இல் வெளியிட்டது. ஆஸ்திரேலியப் பழங்குடி மொழியில் தனி ரிக்கார்டாக வந்த முதல் ராக் பாட்டு இதுதான். பாட்டில் சோகம் கிடையாது. கிடார் துள்ளுகிறது. வீட்டுக்குப் போகிறவனின் நடை அது. இங்கே வருகிறவர்களுக்கு நான் முதலில் போட்டுக் காட்டுவது இந்தப் பாட்டைத்தான். இந்த மண்ணின் பழைய மொழிகளில் ஒன்றை, வந்த முதல் வாரத்திலேயே காதில் வாங்கிக்கொள்ளட்டும்.

இதே குழுவின் ‘மை ஐலண்ட் ஹோம்’ 1987இல் வந்த ‘கோ புஷ்!’ ஆல்பத்தில் இருக்கிறது. அதை ஆஸ்திரேலியாவில் தெரியாதவர்கள் இல்லை. ஆனால் அவர்களுக்குத் தெரிந்தது கிறிஸ்டின் அனு 1995இல் பாடிய வடிவம். 2000இல் சிட்னி ஒலிம்பிக் நிறைவு விழாவில் அவர் பாடியதும் அதைத்தான். நல்ல குரல், அருமையாகப் பாடியிருக்கிறார். ஆனால் மூலப் பாட்டைத் தேடிக் கேட்க வேண்டும். வரும்பி பேண்டின் பாடகர் வடக்கே எல்கோ தீவில் பிறந்தவர். கடலும் மீனும் அவருடைய உலகம். வந்து வாழ்ந்ததோ நடுப் பாலைவனத்தில். அவருடைய கடல் ஏக்கத்தைக் கேட்டுக் கேட்டு, குழுவின் கிடார் கலைஞர் நீல் மரே எழுதிய பாட்டு அது. பாடகர் 2007இல் இறந்துவிட்டார். இறந்தவர் பெயரைச் சொல்லாமல் இருப்பது இங்கே பல பழங்குடி மக்களின் வழக்கம், அதனால் நானும் எழுதவில்லை. கடலோரத்தில் பிறந்தவன் பாலைவனத்தில் நின்று பாடும் பாட்டு, தூத்துக்குடிக்காரனுக்கு எப்படிக் கேட்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

இவையெல்லாம் ஏன் மூலைக்குப் போயின என்று பெரியவரிடம் கேட்டேன். தூரம், என்றார். ஆள் குறைவு, ஊர்கள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி. ஒரு குழு பெரிதாக வர வேண்டுமானால் லண்டனுக்குக் கப்பலோ விமானமோ ஏறியாக வேண்டும். ஏறியவர்களை இங்கே மறந்தார்கள், அங்கேயும் முழுசாகச் சேர்த்துக்கொள்ளவில்லை. மெல்பர்னில் இப்பாட்டுகள் இன்னும் உயிரோடு இருப்பதற்குச் சமூக வானொலிதான் காரணம். ட்ரிபிள் ஆர் நிலையம் 1976இலிருந்து ஓடுகிறது, கேட்கிறவர்கள் கட்டும் சந்தாதான் அதற்கு ஆதாரம். நானும் வருஷா வருஷம் கட்டுகிறேன்.

கேசட்டின் கடைசிப் பாட்டு ‘வைட் ஓப்பன் ரோடு’. பெர்த்தைச் சேர்ந்த ‘தி ட்ரிஃபிட்ஸ்’, 1986. பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் 26ஆம் இடம் வரை ஏறியது, சொந்த நாட்டில் அந்த அளவுக்குக்கூட ஏறவில்லை. எழுதிய டேவிட் மெக்கோம் 1999இல், 37 வயதுகூட நிறையாமல் இறந்துபோனார். காதலி போய்விட்டாள், முன்னால் சாலை மட்டும் கிடக்கிறது, அவ்வளவுதான் பாட்டு. நீண்டு பரவும் கீபோர்டும், அதற்கு மேல் அவருடைய கனத்த குரலும். தமிழில் பாலை என்றால் நிலமும் அதுதான், பிரிவும் அதுதான். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த அந்தத் திணை எனக்கு ரத்தமும் சதையுமாகப் புரிந்தது இந்தப் பாட்டில். இதையும் அவர்கள் ஒலிப்பதிவு செய்தது லண்டனில். மேற்கு ஆஸ்திரேலியாவில் கேகுனா, நார்ஸ்மன் என்ற இரண்டு சிற்றூர்களுக்கு நடுவே உள்ள சாலையை மனதில் வைத்து எழுதியதாக மெக்கோம் சொல்லியிருக்கிறார்.

பெரியவர் அந்தச் சாலையைத் தாண்டி, தங்கச் சுரங்கப் பகுதியில் பிறந்தவர். பத்தொன்பது வயதில் நண்பனின் காரில் அதே சாலை வழியாகக் கிழக்கே வந்தவர், திரும்பிப் போய்க் குடியிருக்கவில்லை. இதை அவர் எனக்குச் சொன்னது ஓய்வு பெற்ற அன்று, பார்சல் மேஜையின் மேல் உட்கார்ந்து கேக் தின்றுகொண்டே.

2018 செப்டம்பரில் மனைவியோடும் மகளோடும் நான் அங்கே போனேன். கேம்ரி போய், வேறு வண்டி வந்திருந்தது. பாட்டு போனில். கேகுனாவைத் தாண்டியதும் 146.6 கிலோமீட்டருக்கு ஒரு வளைவுகூட இல்லாத நேர்சாலை தொடங்குகிறது. பலகை வைத்திருக்கிறார்கள். மணிக்கு 110இல் வண்டியை வைத்துக்கொண்டு பாட்டைப் போட்டேன். நான்கு நிமிடம் சொச்சம். முடியும்போது ஏழு கிலோமீட்டருக்கு மேல் கடந்திருந்தோம். முன்னால் அதே கோடு, அதே வானம், இரண்டு பக்கமும் அதே சாம்பல் பச்சைப் புதர்கள். மகள் பின்சீட்டிலிருந்து, “இன்னொரு தடவை போடுங்கப்பா” என்றாள். அவளுக்கு அப்போது ஆறு வயது.

அந்த நேர்சாலையில் போனுக்கு சிக்னல் இல்லை. பாட்டோடும் டயர் சத்தத்தோடும் எடுத்த வீடியோவை நார்ஸ்மன் போய்ச் சேர்ந்த பிறகுதான் பெரியவருக்கு அனுப்ப முடிந்தது. இரவு பதில் வந்தது. ஒரே வரி: “ஜன்னலை இறக்கி வைத்திருந்தாயா?”

புழுதிக்குப் பயந்து ஏற்றி வைத்திருந்தோம். திரும்பி வரும்போது நான்கையும் இறக்கிவிட்டுக் கேட்டோம்.